வண்டி மை, முட்டுக்கட்டை, கொஞ்சம் உராய்வு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். நடுவுல கணக்கும் வரும். பயப்படாதீங்க, எட்டாவது படிச்ச கணக்குதான்.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

எங்க ஊரு ஒடுகத்தூர். வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா. ஜவ்வாது மலையோட அடிவாரம். பக்கத்துல உத்திரகாவேரி ஆறு (பேருதான் காவேரி, மழைக்காலம் விட்டா மணல்தான்). வெள்ளிக்கிழமை கூடுற ஆட்டுச்சந்தைக்கு பேர் போன ஊரு. மாட்டுப்பொங்கல், பக்ரீத், தீபாவளி வந்தா டிவிகாரங்க மைக்கோட வந்து நின்னுடுவாங்க.

என் தாத்தாகிட்ட ஒரு கட்டைவண்டி இருந்துச்சு. மலையிலிருந்து இறங்குற புளியையும் சாமையையும் வேலூர் பக்கம் ஏத்திட்டுப் போறது அவர் வேலை. நான் ரெண்டாவது படிக்கிறப்ப வண்டியை வித்துட்டார். எனக்கு ஞாபகம் இருக்கிறது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, வண்டிக்கு அடியில தொங்கிட்டிருந்த மூங்கில் குழாய். அதுக்குள்ள வண்டி மை. வைக்கோலை எரிச்ச கரியில விளக்கெண்ணெயை ஊத்தி குழைச்சது. தொட்டுட்டா மூணு நாளைக்கு விரல்ல போகாது, சட்டையில பட்டா அம்மாகிட்ட அடி நிச்சயம். ரெண்டாவது, நான் கேட்ட ஒரு கேள்வி. "தாத்தா, நம்ம வண்டி ஏன் மலை மேல போகாது?"

அவர் சொன்ன பதில்: "சக்கரம் இங்கதான்டா முடியுது. அதுக்கு மேல காலுதான்."

படிச்சது மெக்கானிக்கல், பொட்டி தட்டுறது ஜாவா. (எங்க காலேஜ்ல முக்கால்வாசி பேர் கதை இதான்.) அதனால உராய்வு பத்தி படிச்சதை எல்லாம் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே மறந்தாச்சு. போன மாசம் ஊருக்குப் போனப்ப பரண் மேல அந்த மூங்கில் குழாயைப் பாத்தேன். தாத்தா சொன்ன அந்த ஒத்தை வரி சரியான்னு கணக்கு போட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. ஆரம்பிச்சது வண்டியில, போய் நின்னது எங்கெங்கயோ.

கட்டைவண்டி சக்கரத்தை இப்ப பாத்திருக்கிறவங்க கம்மி. நடுவுல குடம், அதுல செருகின ஆரக்கால், வெளியில துண்டு துண்டா வளைச்சுச் செதுக்கின வட்டை, அதைச் சுத்தி இரும்புப் பட்டா. பட்டா போடுறதைப் பாக்கவே கூட்டம் கூடுமாம். சக்கரத்தை விட கொஞ்சம் சின்னதா பட்டாவை அடிச்சு, நெருப்புல போட்டு செக்கச் செவேல்னு பழுக்க வெச்சு, விரிஞ்ச உடனே சக்கரத்துல மாட்டி, மேல தண்ணி ஊத்துவாங்க. இரும்பு சுருங்கி மொத்த மரத்தையும் ஒரே பிடியா இறுக்கிடும். ஆணி இல்ல, பசை இல்ல. வெப்பத்தால விரிவடைதல்னு ஒன்பதாவது புத்தகத்துல இருக்கிறதை பட்டறைக்காரர் புத்தகம் இல்லாமலே பண்ணிட்டிருந்தார்.

சரி, சக்கரம் என்ன பண்ணுது? உராய்வை ஒழிக்குதுன்னு நாம நெனைக்கிறோம். இல்லைங்க. உராய்வை இடம் மாத்துது. ஒரு பெட்டியை தரையில இழுத்தா உராய்வு தரையில. அதையே சக்கரத்து மேல வெச்சா உராய்வு அச்சுக்கும் குடத்துக்கும் நடுவுல போயிடுது. அங்க போனதுல ரெண்டு லாபம். ஒண்ணு, இடம் சின்னது, அதனால எண்ணெய் போட முடியும். ஊரு ரோடு பூரா எண்ணெய் ஊத்த முடியாது இல்லையா. ரெண்டு, சக்கரம் பெருசு, அச்சு சின்னது. 5 அடி சக்கரம், 2 அங்குல அச்சுன்னு வெச்சுக்கோங்க. 60-க்கு 2. அச்சுல இருக்கிற உராய்வு, வண்டியை இழுக்கிற மாட்டுக்கு முப்பதுல ஒரு பங்காத்தான் தெரியும். நெம்புகோல் மாதிரியே.

வண்டியும் பாரமும் சேத்து 1000 கிலோன்னு வெப்போம். மையே இல்லாத காஞ்ச இரும்பு அச்சுல உராய்வு எண் 0.3 இருக்கும்னா அச்சுல 300 கிலோ. மாட்டுக்குத் தெரியுறது அதுல முப்பதுல ஒண்ணு, 10 கிலோ. மை போட்டு 0.1-ஆக குறைச்சா 3 கிலோ சொச்சம். ஆக தாத்தாவோட மை மிச்சம் பண்ணினது 7 கிலோ இழுவை.

இங்கதான் எனக்கு மொத அதிர்ச்சி. ஏன்னா சக்கரம் மண்ணுல உருளும்போது மண்ணு அமுங்குது, சக்கரம் எப்பவும் ஒரு குட்டிப் பள்ளத்துலேருந்து ஏறிக்கிட்டே இருக்கு. இந்த உருளும் தடை, சுமாரான மண் ரோட்டுல பாரத்துல நூத்துக்கு 5 பங்குன்னு வெச்சாலே 50 கிலோ. சேறு, மணல்னா 100, 150-ன்னு எகிறும். நல்ல கெட்டியான ரோட்டுல 20 கிலோவுக்குக் கீழ வந்துடும். அப்ப மை மிச்சம் பண்றது 7, ரோடு மிச்சம் பண்றது 30-க்கு மேல! மை போடாட்டி வண்டி நின்னுடாது. அச்சு தேஞ்சுடும், குடம் சூடாகி கெட்டுப்போகும், கீச்சு கீச்சுன்னு ஊரைக் கூட்டும். மை காப்பாத்தினது மாட்டை விட அதிகமா அச்சைத்தான். மாட்டைக் காப்பாத்துறது ரோடு.

(இதை இந்தியாவுல சீரியஸா எடுத்துப் பண்ணவர் ஒருத்தர் உண்டு. என்.எஸ்.ராமசாமி. பெங்களூர் ஐ.ஐ.எம்.மோட இயக்குநரா இருந்தவர். மேனேஜ்மென்ட் காலேஜ்ல உக்காந்துட்டு மாட்டுவண்டியை ஆராய்ச்சி பண்றாரேன்னு கிண்டல் பண்ணவங்க இருந்திருப்பாங்க. ஆனா அப்ப நாட்டுல ஓடுன மாட்டுவண்டி சுமார் ஒன்றரைக் கோடி. நுகத்தடி மாட்டோட கழுத்தைப் புண்ணாக்குது, ஒல்லியான இரும்புப் பட்டா ரோட்டைக் கிழிக்குது, வண்டியோட எடையே அநியாயத்துக்கு அதிகம்னு 1970-கள்லேருந்து சொல்லிட்டே இருந்தார். நாம கண்டுக்கல. டிராக்டர் வந்து பிரச்சினையை முடிச்சு வெச்சுது.)

உராய்வுக்கு விதின்னு ஒண்ணை எழுதி வெச்ச கதை ஐரோப்பாவுல நடந்தது. சுருக்கமா சொல்லிட்டு ஓடிடுறேன். லியனார்டோ டா வின்சி, அதாங்க மோனலிசா வரைஞ்சவர், 1490-கள்லயே நோட்டுல குறிச்சு வெச்சிருக்கார். ஒரு செங்கல்லைப் படுக்க வெச்சு இழுத்தாலும் நிக்க வெச்சு இழுத்தாலும் உராய்வு அதேதான், எடை ரெட்டிப்பானா உராய்வும் ரெட்டிப்பு. ஆனா அவர் அதை வெளியிடவே இல்ல. 200 வருஷம் கழிச்சு 1699-ல அமோன்டன்ஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அதையே திரும்பக் கண்டுபிடிச்சு சொன்னார். 1780-கள்ல கூலும், ஆமா மின்னியல்ல வர்ற அதே கூலும்தான், ரோஷ்ஃபோர் கப்பல்துறையில மரத்து மேல மரம், இரும்பு மேல மரம்னு இழுத்து இழுத்துப் பாத்து முழுசா எழுதினார். நின்னுட்டிருக்கிற பொருளைக் கிளப்பத்தான் அதிக பலம் வேணும், நகர ஆரம்பிச்சுட்டா அவ்வளவு வேணாம்னு அளந்தவர் அவர்தான். கார் ஸ்டார்ட் ஆகாம தள்ளின எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

தெரிஞ்ச விஷயத்துக்கு எண் போடுறதுல என்ன பெருமைன்னு கேக்கலாம். பெருமை இருக்குங்க. தஞ்சாவூரை எடுத்துக்கோங்க.

பெரிய கோவில், 1010-ல முடிஞ்சது. விமானம் 216 அடி. உச்சியில இருக்கிறது 80 டன் எடையுள்ள ஒரே கல்லு, சாரப்பள்ளத்துலேருந்து 6 கிலோமீட்டருக்கு சாரம் கட்டி ஏத்தினாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. அது ஒரே கல்லு இல்ல, பல துண்டுகள் சேர்ந்ததுன்னு கட்டடக்கலை ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனாலும் 80 டன்னுன்னே வெச்சு கணக்கு போட்டுப் பாக்கலாம்.

6 கிலோமீட்டர் நீளம், 66 மீட்டர் உயரம். அதாவது 90-க்கு 1 ஏத்தம். நம்ம ஊரு பாலத்து ஏத்தத்தை விட கம்மி. இந்த ஏத்தத்துக்காக புவியீர்ப்பை எதிர்த்து இழுக்க வேண்டியது 80-ஐ 90-ஆல வகுத்தா, ஒரு டன்னுக்கும் கம்மி! ஒரு ஆள் தொடர்ந்து 25 கிலோ இழுப்பார்னா 36 பேர் போதும். சாரம் பிரச்சினையைத் தீத்துடுச்சா? எங்க தீத்தது? கல்லை மரச்சட்டத்துல வெச்சு காஞ்ச மண்ணுல இழுத்தா உராய்வு பாதி எடை. 40 டன். அதுக்கு 1600 பேர். ஆக எல்லாரும் வாயைப் பொளந்து பாக்கிற அந்த சாரத்தோட உயரம் கணக்குல ஒண்ணுமே இல்ல. மொத்த வேலையும் உராய்வோடதான். கீழ மரஉருளை போட்டு உராய்வை நூத்துல 3 பங்காக்கினா ரெண்டரை டன்னுக்குள்ள வந்துடும், ஏத்தத்தையும் சேத்து சுமார் 130 பேர். 1600-க்கும் 130-க்கும் நடுவுல இருக்கு சோழ நாட்டுத் தச்சரோட மூளை. அவங்க உருளைதான் போட்டாங்களா, யானை எத்தனைன்னு கேக்காதீங்க, ராஜராஜன் கோவில் கல்வெட்டுல விளக்கு எண்ணெய் கணக்கு வரைக்கும் எழுதி வெச்சவர், இதை எழுதல.

எகிப்துல ஒருத்தர் வரைஞ்சாவது வெச்சுட்டுப் போனார். கிறிஸ்துவுக்கு முன்னால 1900-ஐ ஒட்டி, ஜெஹுட்டிஹோடெப்ங்கிற அதிகாரியோட கல்லறையில ஒரு ஓவியம். பிரம்மாண்ட சிலையை சறுக்குச் சட்டத்துல வெச்சு ஒரு கூட்டமே இழுக்குது, சட்டத்தோட முன்னால ஒருத்தன் நின்னு தரையில தண்ணி ஊத்திட்டிருக்கான். சடங்குன்னு ரொம்ப நாள் நெனச்சாங்க. 2014-ல ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல சோதிச்சுப் பாத்தா, சரியான அளவு ஈரம் பட்ட மணல்ல இழுவை பாதியாக் குறையுது. சட்டத்துக்கு முன்னால மணல் குமியறதில்ல. அளவு மீறி ஊத்தினா திரும்ப எகிறிடும். அந்த தண்ணி ஊத்தினவனுக்கு என் தாத்தா மாதிரி மூஞ்சி இருந்திருக்கும்னு நான் நம்புறேன் :-)

இதுவரைக்கும் உராய்வு எதிரி. இப்ப கட்சி மாறுது.

திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோட 96 அடி உயரம், சுமார் 300 டன். 1926-ல தீப்பிடிச்சு எரிஞ்சு, புதுசா செஞ்சு 1930-ல ஓடி, 1948-க்கு அப்புறம் நின்னு போயி, 1970-ல மறுபடி ஓடுச்சு. இப்ப இரும்புச் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் இருக்கு, திருச்சி பெல் தொழிற்சாலைக்காரங்க செஞ்சு கொடுத்தது. கிளப்புறதுக்குப் பின்னாலேருந்து புல்டோசர் தள்ளும். கூலும் சொன்னதுதான்: கிளப்பத்தான் பலம், கிளம்பிட்டா பக்தர்கள் பாத்துக்குவாங்க.

ஆனா யோசிச்சுப் பாருங்க, 300 டன் கிளம்பிட்டா அதை நிறுத்துறது யாரு? வடத்தை இழுக்கிறவங்களால தள்ள முடியாது. கயிறு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, சக்கரம் திரும்பாது. பெல் பிரேக் வர்றதுக்கு முன்னாலயும் சரி, இன்னிக்கு நூத்துக்கணக்கான ஊர்த் தேர்கள்லயும் சரி, பதில் ஒண்ணுதான். முட்டுக்கட்டை.

சரிவா செதுக்கின ஒரு மரக்கட்டை, நீளமா ஒரு பிடி. உருண்டு வர்ற சக்கரத்துக்கு முன்னால அதைச் செருகணும். சக்கரம் கட்டை மேல ஏறப் பாக்கும், கட்டை தரையில தேய்ஞ்சுக்கிட்டே சறுக்கும், ரெண்டு பக்கமும் உராய்ஞ்சு வேகம் செத்துப்போகும். சில சமயம் மரம் புகையும். தேரைத் திருப்பணும்னா ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டையைக் கோணலா போடுவாங்க. அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் சுத்திட்டு வரும். நாலு மாடவீதியோட நாலு திருப்பமும் இப்படித்தான். இன்னிக்கு டாங்கியும் புல்டோசரும் திரும்புறது இதே முறைதான், ஒரு பக்கத்தைப் பிடிச்சு நிறுத்துறது.

நான் எங்க பக்கத்து ஊர்த் தேரோட்டத்துல இதை கிட்டத்துல பாத்திருக்கேன். எல்லாரும் சாமியைப் பாக்கிறாங்க, இந்த ஆளுங்க மட்டும் குனிஞ்சு சக்கரத்தை மட்டும் பாத்துக்கிட்டு பின்னோக்கியே நடக்கிறாங்க. கட்டையை எப்ப போடணும், எவ்வளவு உள்ள தள்ளணும், எப்ப கையை எடுக்கணும், எல்லாம் வினாடிக் கணக்கு. கட்டை தெறிச்சாலோ கால் இடறினாலோ அதோட முடிஞ்சது. ஊர் ஊருக்கு இந்த வேலை பரம்பரையா சில குடும்பங்கள்ல இருக்கு. தேர் நிலைக்கு வந்து சேந்ததும் பரிவட்டம் யாருக்குன்னு சண்டை வரும், அந்த சண்டையில இவங்க பேர் வந்து நான் கேட்டதில்ல.

தமிழ்ல ஒரு அநியாயம் பாருங்க. நல்ல காரியத்தைத் தடுக்கிறவனுக்கு "முட்டுக்கட்டை போடுறான்"னு பேரு! போடலைன்னா என்ன ஆகும்னு தேர்ச்சக்கரத்துக்கு முன்னால நின்னு பாத்தவன் இந்தப் பழமொழியைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டான். வடம் பிடிச்சவன்தான் கண்டுபிடிச்சிருக்கணும்.

அடுத்து மலை. தாத்தா கேள்விக்கு வரேன்.

ஒரு மாடு தொடர்ச்சியா இழுக்கிறது அதோட எடையில பத்துல ஒரு பங்குன்னு ஒரு பொதுக் கணக்கு. ஒரு ஜோடி உழவு மாடு 750 கிலோன்னா 75 கிலோ இழுவை. சமதரையில மண் ரோட்டுல 1000 கிலோ வண்டிக்கு 50, 55 தேவை. சௌகரியமா போகும். இப்ப 10-க்கு 1 ஏத்தம் வருதுன்னு வெச்சுக்கோங்க. புவியீர்ப்பு மட்டும் 100 கிலோ. உருளும் தடை 50. மொத்தம் 150. மாட்டுகிட்ட இருக்கிறதோ 75. கொஞ்ச நேரம் தம் பிடிச்சு ரெண்டு மடங்கு இழுக்கும், ஒரு மேடு ஏறும். மணிக்கணக்கா ஏற முடியாது. வண்டியோட எடையே 300 கிலோவுக்கு மேல இருக்கிறப்ப, பாரத்தைக் குறைச்சு குறைச்சு கடைசியில வண்டியை மட்டும்தான் மலைமேல ஏத்த முடியும்! அதுக்கு மூட்டையைத் தலையில வெச்சுட்டுப் போறதே மேல்.

தாத்தா சொன்னது சரி. சக்கரம் எங்க ஊர்லதான் முடியுது. எங்க ஊர்ல, ஆலங்காயத்துல எல்லாம் ஏன் சந்தை இருக்குன்னு இப்ப எனக்குத் தோணுது: மேலேருந்து தலைச்சுமை இறங்கி வந்து, கீழே வண்டியில ஏறுற இடம். காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல கைமாறுற இடம்தான் சந்தை. (இது என் சொந்தக் கணிப்பு. வரலாற்றுப் பேராசிரியர் யாராவது படிச்சா மன்னிச்சுடுங்க.) மேல பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லைன்னு மூணு ஊராட்சி. மலையாளி பழங்குடி மக்கள். புளி, சாமை, தேன், பலான்னு எல்லாமே தலைச்சுமையா இறங்கினதுதான். பிரசவ வலி எடுத்தா டோலி கட்டித் தூக்கிட்டு வரணும். எங்க சந்தையில விலை படியலைன்னா நம்ம கீழ்நாட்டு வியாபாரி நாளைக்கு வான்னு சொல்லிட்டுப் போயிடுவான். அவங்களால மூட்டையை திரும்ப மேல சுமந்துட்டுப் போக முடியாது. சொன்ன விலைக்குக் கொடுத்துட்டுத்தான் போகணும். எங்க வீட்டு வண்டியில ஏறின புளியும் அப்படி வாங்கினதுதான். தாத்தா நல்லவர்தான், ஆனா அவர் லாபத்துல அந்த 10-க்கு 1 ஏத்தத்துக்கும் பங்கு இருந்துச்சு.

காசும் அக்கறையும் இருந்தா ஏத்தத்தை என்ன பண்ணலாம்னு பாக்க நீலகிரிக்குப் போகணும். ஊட்டிக்கு ரயில் விடணும்னு 1854-லயே பேச்சு. வேலை ஆரம்பிச்சது 1891. மேட்டுப்பாளையம் குன்னூர் 1899, ஊட்டி வரைக்கும் 1908. ஏன் அவ்வளவு தாமதம்? பணம், கம்பெனி திவால், எல்லாம் உண்டு. அடிப்படைச் சிக்கல் உராய்வு. மாட்டுக்கு உராய்வு அதிகம்ங்கிறது கஷ்டம். ரயிலுக்கு உராய்வு பத்தலைங்கிறது கஷ்டம்.

கல்லாறு தாண்டினதும் 12-க்கு 1 ஏத்தம். 50 டன் எஞ்சின், 100 டன் பெட்டின்னு கணக்குக்கு வெப்போம். 150-ஐ 12-ஆல வகுத்தா பன்னிரண்டரை டன் இழுவை வேணும். எஞ்சின் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கிற உராய்வு, காஞ்ச இரும்புல கால் பங்கு, 50 டன்னுக்கு அதுவும் பன்னிரண்டரை டன். சரிக்குச் சரி, மிச்சம் ஒண்ணுமில்ல. நீலகிரியில பனி விழும், மழை பெய்யும், இலை விழும். ஈரத் தண்டவாளத்துல பிடிப்பு பாதிக்கும் கீழ போயிடும். எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும்.

அதுக்குத்தான் ஆப்ட்ங்கிற சுவிஸ் எஞ்சினியரோட பல்சட்ட முறை. 1882-ல காப்புரிமை வாங்கினது. தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு பல்சட்டம், ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட இடைவெளிக்கு நேரா வர்ற மாதிரி. எஞ்சின்ல இருக்கிற பல்சக்கரம் அதைக் கடிச்சுக் கடிச்சு ஏறும். ஒரு பல்லு விடுறதுக்குள்ள இன்னொரு பல்லு பிடிச்சிருக்கும். உராய்வை நம்பாதேங்கிற முடிவு அது. எஞ்சின் எப்பவும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும், ஏறும்போது பின்னாலேருந்து தள்ளும். கொக்கி கழண்டாலும் பெட்டி ஓடிடக் கூடாதுன்னு. அது பத்தாதுன்னு பெட்டிக்குப் பெட்டி பிரேக் போட ஆளு. கொடியைப் பாத்து பிரேக்கைப் பிடிப்பாங்க. பாத்தீங்களா, அங்கயும் முட்டுக்கட்டைக்காரர் இல்லாம முடியல. 2005-ல யுனெஸ்கோ அங்கீகாரம் கொடுத்ததும் எல்லாரும் எஞ்சினைத்தான் படம் எடுத்தாங்க.

நீலகிரிக்கு ஏன் அவ்வளவு மெனக்கெட்டாங்க, ஜவ்வாதுக்கு ஏன் இல்லன்னு கேட்டா பதில் சுலபம். அங்க கவர்னருக்கு வெயில் தாங்கல, கோடையில அரசாங்கமே மேல ஏற வேண்டியிருந்தது. இங்க மேல இருந்தவங்களுக்குத்தான் கீழ வர வேண்டியிருந்தது.

ஆனா ஜவ்வாதுலயும் ஒரு அதிசயம் உண்டு. எங்க ஊர்லேருந்து ஆலங்காயம் தாண்டிப் போனா காவலூர். வைணு பாப்பு 1960-கள்ல தேடிப் பிடிச்ச இடம். அவர் 1982-ல இறந்துட்டார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி வந்து திறந்து அவர் பேரையே வெச்சார். யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு 1977-ல கண்டுபிடிச்ச கண்காணிப்புகள்ல காவலூருக்கும் பங்கு உண்டு. அந்தப் பெரிய தொலைநோக்கியோட தாங்கி குதிரைலாட வடிவம். இந்த வடிவத்துக்கு முன்னோடி கலிஃபோர்னியாவுல 1948-ல திறந்த பாலோமர் தொலைநோக்கி. அதுல சுத்துற பாகம் 500 டன்னுக்கு மேல, திருவாரூர் தேர் ஒண்ணரை. அந்த லாடத்தை பேரிங்ல வெச்சா உராய்வுல உதறும், நட்சத்திரம் நழுவிடும். அதனால கீழேருந்து அழுத்தமா எண்ணெயைப் பீச்சி, மெல்லிசு எண்ணெய்ப் படலத்துல மிதக்க விட்டாங்க. அவ்வளவு பாரத்தையும் வானத்தோட வேகத்துக்குச் சுத்த 12-ல ஒரு பங்கு குதிரைத்திறன் மோட்டார் போதும். மிக்ஸி மோட்டாரை விடச் சின்னது! தாத்தா விளக்கெண்ணெயும் கரியும் குழைச்சுப் பண்ணினதுதான் அது.

அதே மலையில, புதூர்நாடு பக்கம் புலியூர்லேருந்து 2022 ஏப்ரல் 2 அன்னைக்கு சேம்பறை மலைக் கோவிலுக்கு ஒரு பிக்கப் வண்டியில நெறைய பேர் கிளம்பினாங்க. பெரும்பாலும் பெண்கள். மேட்டுல வண்டி கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்துல உருண்டு 11 பேர் செத்துப்போனாங்க. அந்த வண்டிக்கு என்ன ஆச்சுன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. எனக்குத் தெரிஞ்ச கணக்கை மட்டும் சொல்றேன். தார் ரோட்டுல டயரோட பிடிப்பு 0.7, 0.8 இருக்கும். ஜல்லி உதிர்ந்த மண்ணுல அதுல பாதிதான். ஆள் நிறைய ஏறினா எடை பின்சக்கரத்துக்குப் பின்னால சாயும், முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் திருப்பினா திரும்புறது முன்சக்கரத்தோட பிடிப்பாலதான். செங்குத்து மேட்டுல வண்டி நின்னுபோயி பின்னால வழுக்க ஆரம்பிச்சா, கூலும் சொன்ன அதே விதி திரும்பி வரும்: நிக்கிறப்ப இருக்கிற பிடிப்பு, வழுக்க ஆரம்பிச்சதும் குறைஞ்சுடும். அப்புறம் பிரேக்கை எவ்வளவு மிதிச்சாலும் சக்கரம்தான் நிக்கும், வண்டி நிக்காது.

பீஞ்சமந்தைக்கு இப்ப தார் ரோடு இருக்கு, இந்த சில வருஷத்துல வந்ததுதான். போன மாசம் பைக்ல போயிட்டு வந்தேன். மேல ஒரு டீக்கடைக்காரர், புளியை இப்ப மினிலாரிக்காரங்க மேலயே வந்து எடுத்துக்கிறாங்கன்னார். விலை? "படியலைன்னா அடுத்த வண்டி வரும்ணா."

புதுசா அந்த ரோட்டுல போறவங்களுக்கு ஒண்ணு. இறங்கும்போது பிரேக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டே வராதீங்க. பிரேக் கட்டை சூடானா அதோட உராய்வு எண் இறங்கிடும், கீழ்க் கொண்டையூசி வளைவு வர்றப்ப கையில ஒண்ணும் இருக்காது. ஏறின கியர்லயே இறங்குங்க. நான் ரெண்டாவது கியர்ல வந்தேன், முக்கால் மணி நேரம் ஆச்சு.